இருமல் பூ

மலை மருந்தகம்
ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. முட்டி மட்டும் மேடேறும்போது முனகுகிறது, நான் காது கொடுப்பதில்லை. நீயும் உன் மனைவியும் சுகந்தானே?

இங்கே மாற்றலாகி வந்து எட்டு மாதமாயிற்று, ஒரு வரி எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். எழுத உட்கார்ந்தால் கண் செருகிவிடுகிறது. மருந்தகம் என்பது இரண்டு அறை. முன்னறையில் நோயாளிகள். பின்னறையில் நானும் கருவிகளை வேகவைக்கிற பாத்திரமும் குடித்தனம் நடத்துகிறோம். டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். போன் இந்த மலையில் வெறும் கடிகாரம்தான். வாரம் ஒரு தடவை ஜல்லி கொண்டுவரும் லாரியில்தான் தபால் ஏறி இறங்குகிறது.

மலையை வெட்டிச் சாலை போடுகிறார்கள். அந்த வேலைக்கு வந்த குடும்பங்கள் எழுபது எண்பது இருக்கும். எல்லாரும் வெளியூர். வளைவுக்குக் கீழே வரிசையாகத் தகரக் கொட்டகைகள். விஷயம் அங்கேதான். நாலு குழந்தைகளுக்கு வயிறு வீங்கியிருக்கிறது. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. டாக்டர் பூச்சி என்று மாத்திரை கொடுத்தார். பூச்சி போயிற்று, வயிறு போகவில்லை.

போன வாரம் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கினேன். பல வீடுகளில் ஒரே மஞ்சள் பூ கட்டுக்கட்டாகக் கூரையிலிருந்து தொங்குகிறது. "இருமலுக்கு, நர்சம்மா. கொதிக்க வெச்சுக் குடுப்போம். எங்க ஊர்லயும் இதே பூதான்" என்கிறார்கள்.

இதே பூதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த மாதத்தில் மலை முழுக்க மஞ்சள். ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. செடியைப் பார்த்துச் சாதி சொல்கிற ஆள் வீட்டிலேயே இருக்கும்போது நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி அனுப்பியிருக்கிறேன். குடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


செடிக் காப்பகம்
ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். எட்டு மாதத்துக்கு ஒரு கடிதம் என்றாலும் அதற்குள் ஒரு செடியும் வந்ததால் மன்னித்துவிட்டேன். இங்கே இருவரும் நலம். முட்டிக்கு எண்ணெய் தேய். மற்றவர்களுக்குச் சொல்வதை நீயும் ஒருநாள் செய்து பார்.

எங்கள் அலுவலகத்தில் மஞ்சள் பூ வந்தால் ஆளாளுக்கு நழுவிவிடுவார்கள். அத்தனையும் சூரியகாந்திக் குடும்பம். ஒரு பூ என்று நீ நினைப்பது ஒரு பூவே அல்ல. நூறு குட்டிப் பூக்கள் ஒரு தட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கூட்டம். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும், இலை தண்டில் எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக மஞ்சள் பூ என்றால் என் தலையில்தான் கட்டுவார்கள். கடைநிலை ஊழியர்கூட என்னை 'மஞ்சள் சார்' என்றுதான் கூப்பிடுவார்.

உன் பூவை லென்சில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். கவலைப்பட எதுவுமில்லை. அந்தப் பெண்கள் சொல்வது சரி. அவர்கள் ஊரில் குடிக்கிற அதே பூதான். தாராளமாகக் குடிக்கட்டும். வயிற்று வீக்கத்துக்குத் தண்ணீரைப் பார், தானியத்தைப் பார்.

இப்போது என் மேசையை ஜன்னல் ஓரம் போட்டிருக்கிறார்கள். நல்ல வெளிச்சம். என் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்காதே, புதுப் பேனா, முனை தடித்தது.

இவள் உன்னை மிகவும் விசாரித்தாள்.

என்றும் உன்,
தம்பி


மலை மருந்தகம்
ஜூலை 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அதைப் படித்த அன்று கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினேன். அங்கே இருவரும் சௌக்கியமாக இருப்பீர்கள். நான் இருக்கிறேன்.

கொட்டகைப் பெண்களிடம் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். "நாங்கதான் சொன்னோமே" என்று என்னைக் கேலி செய்தார்கள். டாக்டரிடமும் சொன்னேன். "உங்க தம்பியே பார்த்துட்டாரா? அப்போ தண்ணிதான்" என்றார். ஊற்றில் மருந்து போட்டோம். தானிய மூட்டைகளைக் கொட்டிச் சலித்தோம். அரைநாள் தும்மினதுதான் மிச்சம்.

இப்போது ஏழு குழந்தைகள். எல்லாரிலும் சின்னது ரோலர் ஓட்டுகிறவரின் பெண், மூன்று வயது. கீச்கீச்சென்று பேசிக்கொண்டே இருப்பதால் குருவி என்று கூப்பிடுகிறார்கள். எடை பார்க்கத் தூக்கினால் என் சட்டைப் பையிலிருக்கும் தெர்மாமீட்டரைத்தான் முதலில் எடுப்பாள். நேற்று எடுக்கவில்லை.

தம்பி, எனக்கு ஒரு நமைச்சல். சாலையோரம் மண் கொட்டின இடத்தில் முளைத்திருக்கிற செடியும், மேலே புல்வெளியில் இருக்கிற செடியும் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. சாலையோரத்து இலை கிழித்துப் போட்டது மாதிரி இருக்கிறது. பெண்கள் பறிப்பது சாலையோரத்தில்தான், கிட்டே இருப்பதால். நீ தவறாகப் பார்த்தாய் என்று சொல்லவில்லை. முதலில் நான் அனுப்பியது வெறும் பூவும் ரெண்டு இலையும். இப்போது வேரோடு முழுச் செடியாகத் தனி உறையில் வைத்து அனுப்புகிறேன். இன்னொரு தடவை பார்த்து உடனே எழுது.

அன்புடன்,
அக்கா


செடிக் காப்பகம்
ஆகஸ்ட் 26

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்துவிட்டார்கள். அலமாரி அலமாரியாகத் திறந்து எண்ணிக் காட்டுவதிலேயே ஒரு மாதம் ஓடிவிட்டது. நாங்கள் சௌக்கியம். அங்கே மழை எப்படி? குளிர் ஆரம்பித்துவிட்டதா? கம்பளி போதுமா, அனுப்பட்டுமா?

செடி வந்தது. பார்க்கிறேன். சாலையோரத்தில் வெயில் படும் இடத்தில் வளர்ந்தால் இலை அப்படித்தான் கிழிந்த மாதிரி ஆகும், அதை வைத்து முடிவுக்கு வர முடியாது.

குருவி எப்படி இருக்கிறாள்? தெர்மாமீட்டரை எடுத்தாளா?

உன்,
தம்பி


மலை மருந்தகம்
செப்டம்பர் 18

தம்பி,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். மழை விட்டுவிட்டது. கம்பளி இருக்கிறது.

'பார்க்கிறேன்' என்று எழுதியிருந்தாய். பார்த்தாயா?

ஒரு தாளில் எல்லாக் கொட்டகைகளையும் எழுதினேன். எந்த வீட்டில் பூவைக் கொதிக்க வைக்கிறார்கள், எந்த வீட்டில் இல்லை, எந்த வீட்டில் குழந்தைக்கு வயிறு வீங்கியிருக்கிறது. மூன்று நாள் ஆயிற்று. இங்கே படிக்கட்டு என்று எதுவும் இல்லை, எல்லாம் கல். எழுதி முடித்துப் பார்த்தால், பூ கொதிக்காத வீட்டில் ஒரு குழந்தைக்குக்கூட வீக்கம் இல்லை. தண்ணீர் எல்லாருக்கும் அதே ஊற்றுதான். தானியமும் ஒரே மூட்டைதான்.

நேற்று என் பொறுப்பில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஒருத்தி கேட்டாள், "நீங்கதானே குடிக்கலாம்னீங்க?" ஆமாம் என்றேன். "இப்போ நீங்களே வேண்டாங்கறீங்க. எந்த நர்சம்மா பேச்சைக் கேக்கறது?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சில பேர் நிறுத்தினார்கள், சில பேர் எனக்குத் தெரியாமல் கொதிக்க வைக்கிறார்கள். வாசனையிலேயே தெரிகிறது.

இப்போது ஆறு குழந்தைகள். உன் பதிலைக் காட்டினால் மீதிப் பேரும் கேட்பார்கள். அடுத்த லாரியிலேயே பதில் வர வேண்டும்.

அக்கா


செடிக் காப்பகம்
அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். நீ நிறுத்தச் சொன்னது நல்லதுதான். எதற்கும் ஜாக்கிரதையாக இருப்பதில் தப்பில்லை. நீ அனுப்பிய இரண்டாவது செடியை மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதலாம் என்றிருக்கிறேன். இந்த வகையில் சில சிக்கல்கள் உண்டு.

போன கடிதத்தில் ஏழு என்று எழுதியிருந்தாய், இதில் ஆறு. ஒரு குழந்தைக்குக் குணமாகிவிட்டதா? நல்ல செய்தியை எழுதாமல் விட்டுவிட்டாயே. குருவியைப் பற்றியும் ஒன்றும் எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


அக்டோபர் 29

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், ஆனால் தபாலில் போட்ட பிறகு சொல்லிவிடுவேன். சுகம் விசாரிக்க எனக்கு இப்போது தெம்பில்லை, கோபிக்காதீர்கள். முதலில் விஷயம்: அந்தப் பூவை ஒரு சொட்டுக்கூட யாரும் குடிக்கக் கூடாது. விஷம். கல்லீரலைக் கெடுத்துவிடுமாம். வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது அதனால்தானாம்.

இப்போது எப்படித் தெரிந்ததென்று சொல்கிறேன். இவர் போன மாதம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் அலுவலகத்தில் வேலை என்றார். சனிக்கிழமை அலமாரியைத் துடைத்தபோது பெரிய அகராதிக்குப் பின்னால் உங்கள் கையெழுத்தில் ஒரு கனமான உறை. ஒட்டு பிரிக்கவே இல்லை. ஜூலை முத்திரை. பக்கத்தில் உங்கள் செப்டம்பர் கடிதம் பிரித்துக் கிடந்தது. படித்தேன். மன்னிக்கவும். படித்ததும் எனக்குக் கால் தரிக்கவில்லை. இவர் வெளியே போயிருந்தார். திங்கட்கிழமை அந்த உறையை எடுத்துக்கொண்டு நானே அலுவலகத்துக்குப் போனேன்.

இவர் மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். சின்ன வயசு, நல்ல மாதிரி. செடியைப் பிரித்ததும் பூவைக் கவிழ்த்தாள். "எங்கே பறிச்சது?" என்றாள். சொன்னேன். "யாராவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். குழந்தைகள் குடிக்கிறார்கள் என்றதும் எழுந்து நின்றுவிட்டாள். பூவுக்கு அடியில் கிண்ணம் போலப் பச்சைச் செதில்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் நுனி கறுப்பாக இருந்தால் இதுதானாம். நல்ல பூவுக்கு நுனி பச்சையாகவே இருக்குமாம். "இந்தச் செடி மண்ணோட வந்திருக்கும். ரோடு போடற இடமெல்லாம் வரும்" என்றாள். அவள் கையெழுத்தோடு அலுவலகச் சீட்டு ஒன்று இணைத்திருக்கிறேன், டாக்டரிடம் காட்டுங்கள்.

அண்ணி, இவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றரை வருடமாக. போன வருடமே மேசையிலிருந்து எடுத்துவிட்டு, காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுகிற இடத்தில் போட்டுவிட்டார்கள். ஜன்னல் ஓரம்தான், அது உண்மை. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி நான் கெஞ்சாத நாளில்லை. உங்கள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷனில் பார்வை போனதைச் சொல்லித் தட்டிக்கழிக்கிறார். உங்களிடம் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நீங்கள் நர்ஸ், கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் படுக்க வைத்துவிடுவீர்கள் என்று பயம். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு.

உங்கள்,
தம்பி மனைவி


மலை மருந்தகம்
நவம்பர் 16

தம்பிக்கு,

உன் மனைவியின் கடிதமும் சீட்டும் கிடைத்தன. டாக்டரிடம் காட்டினேன். மறுநாளே வண்டி வரவழைத்து ஆறு குழந்தைகளையும் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நாலு பேருக்கு நீர் வடிந்துவருகிறது. இரண்டு பேருக்குக் கல்லீரல் கெட்டது கெட்டதுதான், வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டும் என்கிறார்கள்.

கொட்டகைகளில் இருந்த கட்டுகளை எல்லாம் மருந்தக வாசலில் குவிக்கச் சொல்லிக் கவிழ்த்துப் பார்த்தோம். அறுபத்திரண்டு கட்டு. மூன்று தவிர எல்லாம் கறுப்பு நுனி. எரித்தால் புகை ஆகாது என்று குழி தோண்டிப் புதைத்தோம். பெண்களே மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

கண்ணை உடனே காட்டு.

அக்கா


டிசம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் அரைப் பக்கம்தான். இவள்தான் படித்துக் காட்டினாள். இந்தக் கடிதத்தையும் நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். எழுதும்போது நடுநடுவே பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள், அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

ஜூன் மாதம் உன் பூ வந்தபோது லென்சை வைத்துப் பார்த்தது நிஜம். பனிக்குள் கை விட்டது போலத்தான் இருந்தது. மஞ்சள் தெரிந்தது, பச்சை தெரிந்தது. நுனி தெரியவில்லை. எழுந்து பத்தடி நடந்தால் அந்தப் பெண் இருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் வந்த நாளிலிருந்து ஒரு மஞ்சள் பூவையும் யாரும் என் பக்கம் கொண்டுவரவில்லை, அக்கா. பசைக் கிண்ணமும் பிரஷும்தான். பல மாதங்களுக்குப் பிறகு என்னை நம்பி வந்த ஒரே செடி அது. அதை அவளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நுனி தெரியாததால் கறுப்பு இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

இரண்டாவது உறை வந்ததும் புரிந்துவிட்டது. நீ 'நமைச்சல்' என்று எழுதினால் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பிரித்தால் தெரிந்துவிடும் என்று பிரிக்கவில்லை. தினமும் அகராதியை ஒருமுறை தொட்டுவிட்டு அலுவலகம் போவேன்.

பிப்ரவரி பத்தாம் தேதி ஆபரேஷன்.

இப்போதாவது சொல். ஏழு எப்படி ஆறு ஆயிற்று?

தம்பி


மலை மருந்தகம்
ஜனவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாயிருக்க வேண்டும். இங்கே பனி. தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டதால் ஊற்றுக்குப் போய்க் குடத்தில் எடுத்துவருகிறேன்.

குருவி செப்டம்பர் மூன்றாம் தேதி, மத்தியானம் மூன்று மணிக்கு, என் முன்னறையில் செத்துப்போனாள். உனக்கு எழுதாததற்குக் காரணம் கேட்டால், உன்னை நம்பிக்கொண்டிருந்தேன் என்பதுதான். பூ நல்ல பூ, தண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தபோது, உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டேன். அப்புறம் சந்தேகம் வந்தது. உறுதியாகத் தெரியாமல் உன் தலையில் இதைப் போட வேண்டாம் என்று விட்டேன். அப்புறம் உறுதியாகத் தெரிந்தது. அப்போது எழுதப் பிடிக்கவில்லை.

அவள் அம்மாவிடம் போன வாரம்தான் சொன்னேன். அதை உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் வேறு யாரிடமும் சொல்ல ஆளில்லை.

கொட்டகையில் அவள் மட்டும் இருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். பூ விஷம் என்பது அவளுக்கும் எல்லாரையும் போல முன்பே தெரியும். நான் உட்கார்ந்து, "அதைக் குடிக்கலாம்னு சொன்னது என் தம்பி. அவனுக்குக் கண்ணு சரியாத் தெரியல. தெரியாமலே, பார்த்ததா எழுதிட்டான்" என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "இது உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டாள்.

"நவம்பர்ல."

"இப்போ ஜனவரி."

"ஆமா."

"தினமும் என் வாசல் வழியாத்தான் தண்ணிக்குப் போறீங்க. குடத்தோட போறதையும் வரதையும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். ஒரு நாளும் நிக்கலையே."

உன் மீது எனக்கு இருந்த கோபத்தை எல்லாம் சுமந்துகொண்டு போய் அவள் வாசலில் இறக்கலாம் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அவள் கேட்ட பிறகு அதில் எனக்கும் பங்கு இருப்பது தெரிந்தது. நீ உறையைப் பிரிக்கவில்லை. நான் அந்த வாசலைத் தாண்டித் தாண்டிப் போனேன்.

கிளம்பும்போது கேட்டாள், "அந்தச் செடி திரும்பவும் முளைக்குமா?" முளைக்கும் என்றேன். தலையாட்டினாள். அவ்வளவுதான்.

பயப்படாமல் ஆபரேஷனுக்குப் போ. அப்பா காலம் வேறு. எனக்கு லீவு கிடைக்காது, கிடைத்தாலும் அதற்குள் பனி கூடி லாரி நின்றுவிடும். உன் மனைவி பக்கத்தில் இருப்பாள், அது போதும். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள். குனிந்து எதையும் தூக்காதே.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். வலது கண் முடிந்தது. இடது கண்ணுக்கு இரண்டு மாதம் போக வேண்டும். வலி இல்லை. சொட்டு மருந்து விஷயத்தில் இவள் உன்னைவிடக் கண்டிப்பு.

கட்டுப் பிரித்ததும் எல்லாரும் சொல்வது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. சுவரில் விரிசல், இவள் காதோரம் நரை, என் நகத்தில் காய்ந்த பசை. டாக்டர் "எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நன்றாக இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல?

ஒரு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். நீ ஜூனில் அனுப்பிய அந்த முதல் பூவை என் இழுப்பறையில்தான் வைத்திருந்தேன். எடுத்துக் கவிழ்த்தேன். பதிமூன்று செதில், பதிமூன்றும் கறுப்பு. லென்சைக் கையில் எடுத்தவன் திரும்ப வைத்துவிட்டேன். தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கொடுத்தாலும் சொல்லியிருக்கும்.

அதை ஒரு தாளில் ஒட்டினேன். கீழே சீட்டில் இடம், தேதி, சேகரித்தவர், எல்லாம் எழுதினேன். முதலில் தவறாக அடையாளம் கண்டவர் என்று என்னை எழுதினேன். எங்கள் துறையில் அப்படி எழுதுகிற வழக்கம் கிடையாது. அந்தப் பெண் படித்துவிட்டு, "வேண்டாம் சார், எடுத்துடட்டுமா?" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

குருவியைப் பற்றி நீ எழுதியதற்கு என்ன எழுதுவதென்று ஒரு மாதமாகத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. நான்கு தாள் கிழித்துவிட்டேன், எல்லாவற்றிலும் என்னைப் பற்றியே இருந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மே கடைசியில் அந்தச் செடி மொட்டு விடும். மொட்டிலேயே நுனி தெரியும். விதை பறப்பதற்கு முன்னால் பிடுங்கினால் அடுத்த வருடம் பாதியாகக் குறையும். இரண்டு மூன்று வருடம் விடாமல் செய்தால் சாலையோரம் சுத்தமாகிவிடும். நான் ஒரு மாத லீவு போட்டுவிட்டு வரட்டுமா? நான் வருவது அந்த அம்மாவுக்கு வேதனையாக இருக்கும் என்றால் வேண்டாம். முகத்தைக் காட்டி மன்னிப்பு வாங்கிக்கொண்டு போக வருகிறேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது. நீயே கேட்டுச் சொல்.

உன்,
தம்பி


மலை மருந்தகம்
ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் எழுத்து பழையபடி சின்னதாகிவிட்டது. உறையைப் பார்த்ததுமே தெரிந்தது. முன்பு அது பெரிதாகிக்கொண்டே போனதையும் நான் பார்த்தேன். பேனா என்றாய், சரி என்றேன். தினமும் நாற்பது பேருக்குக் கண்ணிமையை இழுத்துப் பார்க்கிறவள் உன் கண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. இடது கண் எப்போது? தேதியை எழுது.

ஆஸ்பத்திரிக்குப் போன ஆறு பேரில் ஐந்து பேர் திரும்பிவிட்டார்கள். ஒருத்தன் இன்னும் அங்கேயே இருக்கிறான், பரவாயில்லை என்கிறார்கள். பனி உருகிச் சேறாகக் கிடக்கிறது. என் முட்டி இப்போது சமதரையிலும் முனகுகிறது.

நேற்று தண்ணீருக்குப் போகிற வழியில் குருவியின் அம்மா வாசலில் நின்றேன். உன் கடிதத்தில் செடியைப் பற்றி இருந்த பகுதியைப் படித்துக் காட்டினேன். வேறு எதையும் படிக்கவில்லை.

முழுதும் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "கறுப்பு நுனி இப்போ அவருக்குத் தெரியுதா?" என்றாள்.

"தெரியுதாம்."

"பார்த்தா மட்டும் போதாது. வேரோட வரணும். பாதியில அறுந்தா திரும்பக் கிளம்பிடும். நாங்க போன வாரமே ஆரம்பிச்சுட்டோம். இலையை வெச்சே இப்போ தெரியுது எங்களுக்கு."

"வரச் சொல்லட்டுமா?"

அவள் என் குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள். நான் அதைத் தூக்கிக்கொண்டே நின்றிருக்கிறேன். "மேல் வளைவுல ஆள் பத்தல" என்றாள்.

லாரி வியாழக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்குக் கீழே ஜல்லி யார்டிலிருந்து கிளம்பும். முன்சீட்டு கேட்டு வை. முன்னறையில் நோயாளிக் கட்டில் ஒன்று இருக்கிறது, அதில் படுத்துக்கொள்ளலாம். அவள் உன்னோடு பேசமாட்டாள். நீயும் பேச முயலாதே. தடித்த கையுறை இரண்டு ஜோடி எடுத்து வா, இங்கே இருப்பதெல்லாம் கிழிந்துவிட்டது.

அக்கா